சிகாகோ டீம் ‘செம குளிர்’னு புலம்பினா சிரிக்காதீங்க: மைனஸ் 30-ல் ஒரு நாள் எப்படி நகர்கிறது?

இரவு 8:30 மணி கால். சிகாகோவில் அப்போது காலை 9. நீங்கள் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் வேறு கதை ஓடுகிறது. ஒருவருக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொருவர் வீட்டில் குழாய் உறைந்துவிட்டது. மூன்றாமவர் பிள்ளைக்குப் பள்ளி லீவு, அது கேமராவுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருக்கிறது. மியூட்டில் இருந்தபடி, ‘குளிருக்கு ஏன்ப்பா இவ்ளோ சீன்?’ என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் அது இயல்புதான். நமக்கு ஊட்டியில் உறைபனி விழுந்தாலே டிவியில் செய்தி.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, ‘இங்க மழை’ என்று நாம் அனுப்பிய ஒரு வரி மெயிலில் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வர வேண்டியதுதானே என்று நினைத்திருப்பார்கள். மிட்வெஸ்ட்காரர்கள் ‘குளிர்’ என்று சொல்லும்போதும் அதே கோளாறுதான் நடக்கிறது. வார்த்தை ஒன்று, அனுபவம் வேறு.

முதலில், எவ்வளவு குளிர்?

வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் வைக்கிற ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவின் ஓ’ஹேர் விமான நிலையத்தில் பதிவானது மைனஸ் 31. அன்றைக்கு ஃப்ரீசருக்குள் போய் உட்கார்ந்திருந்தால் வெளியே இருப்பதைவிட 13 டிகிரி கதகதப்பு. மினியாபொலிஸில் மைனஸ் 33. மறுநாள் இல்லினாய் மாநிலத்தின் மவுன்ட் கரோல் என்ற சிற்றூரில் மைனஸ் 39 வரை இறங்கியது. அந்த மாநிலத்தில் அதுவரை பதிவானதிலேயே குறைவு அதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அவர்கள் பேசுவது ஃபாரன்ஹீட்டில். ‘ஜீரோ டிகிரி’ என்று சிகாகோக்காரர் சொன்னால் அது நம் கணக்கில் மைனஸ் 18. அவர் ‘மைனஸ் 20’ என்றால் நமக்கு மைனஸ் 29. மைனஸ் 40-ல் மட்டும் இரண்டு அளவும் ஒன்றாகிவிடும், அங்கே கன்வெர்ட் பண்ணத் தேவையில்லை. அந்த நிலைக்கு வந்தவருக்கு எந்த அளவாக இருந்தால் என்ன!

2019-ஐ இப்போதும் எல்லோரும் உதாரணம் காட்டக் காரணம் இருக்கிறது. அந்த வாரம் சிகாகோவின் அரசுப் பள்ளிகள் இரண்டு நாள் மூடப்பட்டன. மிட்வெஸ்டின் பல பகுதிகளில் தபால் துறையே விநியோகத்தை நிறுத்தி வைத்தது. சிகாகோ புறநகர் ரயில் பாதைகளில், தண்டவாளம் பிரியும் இடங்கள் உறைந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க எரிவாயு ஹீட்டர்களைப் போட்டு வைத்திருந்தார்கள். தண்டவாளம் தீப்பற்றி எரிவதுபோலத் தெரிந்த அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கலாம். கொதிக்கிற தண்ணீரை ஆகாயத்தில் வீசினால் பொடிப் பனியாகும் என்று வீடியோ எடுக்கப் போய், தன் மேலேயே கொட்டிக்கொண்டு தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. மைனஸ் 30-ல் தீக்காயம்!

அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது?

வரைபடத்தைத் திறந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மிட்வெஸ்ட் என்று அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வகைப்படுத்தும் 12 மாநிலங்களும் கண்டத்தின் நடுவில் இருக்கின்றன. கடல் தூரம். கடல் பக்கத்தில் இருந்தால் வெப்பம் சட்டென்று ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. அந்தத் தயவு இவர்களுக்கு இல்லை. அதைவிட முக்கியம், கனடாவின் வடக்கிலிருந்து வரும் ஆர்க்டிக் காற்றைக் குறுக்கே நின்று தடுக்க ஒரு மலைத்தொடர் கிடையாது. நமக்கு மத்திய ஆசியாவின் குளிர்காற்றை மறிக்க இமயமலை சுவர் மாதிரி நிற்கிறது. அவர்களுக்கு இருக்கும் ராக்கி மலை வடக்கு தெற்காக ஓடுகிறது. வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு அது நேர்ச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி.

செய்திகளில் அடிபடும் ‘போலார் வோர்டெக்ஸ்’, துருவச் சுழல், புயல் அல்ல. குளிர்காலம் முழுக்க வடதுருவத்துக்கு மேலே, அடுக்கு மண்டல உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் குளிர்க்காற்று வளையம் அது. வலுவாகச் சுற்றும்வரை குளிர் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். சில வருடங்களில் மேலடுக்கு திடீரென்று சூடாகி, வளையம் தள்ளாடும், நீளும், சில சமயம் உடையும். 2019 ஜனவரித் தொடக்கத்தில் உடைந்தது. அப்போது ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரக் காற்றோட்டமும் தெற்கே தொங்கிப்போய், ஆர்க்டிக் காற்று சிகாகோ வரை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

இதில் இன்னொரு எண் குழப்பும். வெப்பநிலை ஒன்று சொல்வார்கள், விண்ட் சில் ஒன்று சொல்வார்கள். உடம்பைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் உடம்பு எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்குதான் விண்ட் சில். இப்போதைய சூத்திரம் 2001-ல் வந்தது. டொரண்டோவில் ஆட்களைக் குளிர்க்காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டு, முகத்தில் சென்சார் ஒட்டி அளந்து உருவாக்கியது. மைனஸ் 18 டிகிரி, மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று என்றால் உணர்வது மைனஸ் 28. மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். சிகாகோவில் அந்த 2019 ஜனவரி 30-ல் விண்ட் சில் மைனஸ் 47. அங்கே பேச்சு நிமிடக் கணக்குதான். பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை என்று ஆகிவிடுகிறது.

விண்ட் சில் உயிருள்ள உடம்புக்கான கணக்கு. உங்கள் கார் எஞ்சின் காற்றில் சீக்கிரம் ஆறும், ஆனால் வெளி வெப்பநிலைக்குக் கீழே போகாது. இந்த எண்ணைக் காட்டி மிரட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். காற்றே இல்லாத கடும் குளிரும் கொல்லும் என்பதால், அமெரிக்க தேசிய வானிலை சேவை 2024 அக்டோபர் முதல் ‘விண்ட் சில் எச்சரிக்கை’ என்ற பெயரையே ‘கடுங்குளிர் எச்சரிக்கை’ என்று மாற்றிவிட்டது.

சரி, என்னதான் புலம்புகிறார்கள்?

முதல் புலம்பல் கார். பேட்டரி வேதியியலால் ஓடுகிறது, குளிரில் வேதியியல் சோம்பேறியாகிவிடும். மைனஸ் 18 அளவில் சாதாரணக் கார் பேட்டரியின் பலம் பாதிக்கு மேல் போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, ஸ்டார்ட் செய்ய வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். பலம் குறையும்போது வேலை கூடுகிறது, அவ்வளவுதான் விஷயம். மினசோட்டாவில் சில கார்களின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். பெட்ரோல் காருக்கு எதுக்கு சார்ஜர் என்று நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்க எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் அது. ‘என்னோடது ஸ்டார்ட் ஆச்சு, உன்னோடது?’ என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் கதை வேறு. 2024 ஜனவரியில் சிகாகோ பகுதியின் சார்ஜிங் நிலையங்களில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. சில அங்கேயே செத்துப்போய் இழுத்துச் செல்லப்பட்டன. உடனே ‘பார்த்தியா, இ.வி. வேலைக்காகாது’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த முடிவு அவசரப்பட்டது. நார்வேயும் குளிர் நாடுதான், 2023-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஐந்தில் நான்கு முழு எலக்ட்ரிக். அங்கே பலருக்கு வீட்டிலேயே சார்ஜர் இருக்கிறது. சிகாகோவில் அபார்ட்மென்டில் வாடகைக்கு இருந்து, தெருவில் கார் நிறுத்தி, பொது நிலையத்தையே நம்புகிறவர்தான் மாட்டிக்கொள்வார். குளிர்ந்துபோன பேட்டரியை முதலில் சூடாக்காமல் ஃபாஸ்ட் சார்ஜ் ஏறாது. ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் கூடும், வரிசை நீளும், வரிசையில் நிற்கும்போதே ஹீட்டர் மிச்சச் சார்ஜைத் தின்றுவிடும்.

அடுத்தது வீடு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். சுவருக்குள் ஓடும் குழாயில் அது நடந்தால் குழாய் பிளக்கும். உறைந்திருக்கும்வரை தெரியாது, இளகிய பிறகு ஹாலில் குளம். அதனால் கடும் குளிர் ராத்திரியில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைப்பார்கள், சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்து வீட்டுச் சூடு குழாய்க்குப் போகவிடுவார்கள். சென்னையில் வளர்ந்தவருக்கு, ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டவிடுவது பாவம் என்றுகூடத் தோன்றும்.

வீட்டுக்குள் சூடு இருக்கிறது, ஈரம் இருக்காது. குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை அப்படியே சூடாக்கினால் பாலைவனக் காற்று. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். தெர்மோஸ்டாட்டை எத்தனையில் வைப்பது என்று வீட்டுக்குள் நடக்கும் சண்டை, நம் வீட்டில் ஏ.சி. 24-ஆ 26-ஆ என்று நடக்கும் சண்டையின் தலைகீழ் வடிவம். அங்கேயும் உண்மையான சண்டை பில்லைப் பற்றியதுதான்.

2019-ல் இந்தச் சண்டைக்குள் அரசாங்கமே வந்தது. மிச்சிகனில் இயற்கை எரிவாயு கம்ப்ரஸர் நிலையம் ஒன்றில் தீ. நாடி விழுந்த மாதிரி வாயு அழுத்தம் குறையும் அபாயம். ராத்திரியில் மக்களின் போனுக்கு அவசரச் செய்தி போனது, தெர்மோஸ்டாட்டை 65 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 18 செல்சியஸுக்கு இறக்குங்கள் என்று. கார் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில ஷிஃப்டுகளை ரத்து செய்தன. சென்னையில் உட்கார்ந்து டெட்ராய்ட் பக்கத்து டீமோடு வேலை செய்கிறவருக்கு, குளிர் என்ற வார்த்தைக்குள் ஒரு சப்ளை செயினே அடங்கியிருப்பது இங்கேதான் தெரியும்.

பார்க்கிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சிகாகோக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் ஷவலால் பனியை அள்ளி, தெருவில் கார் நிறுத்த ஓர் இடத்தை உண்டாக்குகிறீர்கள். காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் அந்த இடம் யாருக்கு? உடைந்த நாற்காலி, இஸ்திரிப் பலகை, கையில் கிடைத்த எதையாவது அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். ‘டிப்ஸ்’ என்று பெயர். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்த பரம்பரைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டப்படி செல்லாது, ஆனால் நாற்காலியை நகர்த்திவிட்டு நிறுத்துகிறவர் திரும்பி வரும்போது கார் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதையெல்லாம் கேட்டால் அந்த முதல் ஐந்து நிமிடப் பேச்சு வேறு மாதிரி தெரியும். அது புலம்பல் வடிவத்தில் நடக்கும் தகவல் பரிமாற்றம். எந்தச் சாலை வழுக்குகிறது, யாருக்கு ஜம்பர் கேபிள் வேண்டும், எந்தப் பள்ளி மூடல், எந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்க்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. கொஞ்சம் பெருமையும் உண்டு. மினசோட்டாவில் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 பதிவானது. அந்த மாநிலத்துக்காரர் யாரும் இதை வருத்தத்தோடு சொல்லிக் கேட்க முடியாது. இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்ற ஊர், ‘நாட்டின் ஐஸ் பெட்டி’ என்ற பட்டத்துக்காக கொலராடோ மாநிலத்து ஃப்ரேசர் என்ற ஊரோடு சண்டை போட்டு டிரேட்மார்க்கே வாங்கி வைத்திருக்கிறது.

புலம்ப நேரம் இல்லாதவர்கள்

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் காலில் புலம்புகிறவர் வீட்டுக்குள் இருக்கிறார். லேப்டாப்பைத் திறந்தால் அவர் வேலை நடக்கிறது. குளிர் அவருக்குத் தொந்தரவு, அதுவும் நிஜமான தொந்தரவு. அவர் ஆர்டர் செய்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு, சாலையில் பனி தள்ளுகிறவருக்கு, மின்கம்பத்தில் ஏறுகிறவருக்கு, விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவருக்கு அது வேறு விஷயம். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவிடம், எத்தனை டிகிரிக்குக் கீழே வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் தனி விதி கிடையாது. ஆபத்திலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் பொதுக் கடமை என்ற அளவோடு சரி. உலகிலேயே பணக்கார நாடு, ஒவ்வொரு ஜனவரியும் வரும் என்று தெரிந்த ஆபத்து, அதற்கு ஓர் எண்கூட எழுதி வைக்கவில்லை. நம் ஊரில் மே மாத வெயிலில் டெலிவரி ஓட்டுகிறவர்களின் நிலையை யோசித்தால், நாமும் பெரிதாகப் பேச முடியாது.

வீடே இல்லாதவர்களுக்கு? 2019-ன் அதே வாரத்தில் சிகாகோவில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவர்கள், குளிர்காய வைத்திருந்த புரொப்பேன் சிலிண்டர் ஒன்று வெடித்தது. தீயணைப்புத் துறை மற்ற சிலிண்டர்களை எடுத்துச் சென்றது. அதைக் கேள்விப்பட்ட ஒரு பெண் தன் கிரெடிட் கார்டைத் தேய்த்து ஓட்டல் அறைகள் எடுத்துக் கொடுத்தார், பிறகு பலர் பணம் அனுப்பினார்கள். உலகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மைனஸ் 31-ல் ஒருவருடைய கிரெடிட் லிமிட்டை நம்பி ஆட்கள் பிழைத்தார்கள் என்பதும் அதே செய்திதான்.

சூட்டுக்குப் பில் கட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். எரிபொருள் கட்டணத்துக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. மினசோட்டாவில் குளிர்காலத்தில் சூட்டைத் துண்டிப்பதற்கு எதிராகப் பாதுகாப்பு விதி உண்டு, ஆனால் அது தானாக வராது. நிறுவனத்தை அழைத்து, தவணைக்கு ஒப்புக்கொண்டு, அந்தத் தவணையைக் கட்ட வேண்டும். போன் எடுத்துப் பேசத் தயங்குகிறவர், ஆங்கிலம் சரியாக வராதவர் இங்கே விடுபட்டுப் போவார்.

இந்தியர்களுக்கு இந்தக் குளிர் தூரத்துச் செய்தி இல்லை. 2022 ஜனவரியில் கனடாவின் மானிட்டோபாவிலிருந்து நடந்தே மினசோட்டாவுக்குள் நுழைய முயன்ற குஜராத் குடும்பத்தினர் நால்வர், இரண்டு குழந்தைகள் உட்பட, எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் உறைந்து இறந்து கிடந்தார்கள். அவர்களை அனுப்பிய கடத்தல் வேலையில் இருந்த இருவரை 2024 நவம்பரில் மினசோட்டா நீதிமன்றத்தில் ஜூரி குற்றவாளிகள் என்றது. ஏஜென்ட் பணம் வாங்கும்போது மைனஸ் 35 விண்ட் சில் என்றால் என்ன என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

‘பூமி சூடாகுதுன்னாங்க, இவ்ளோ குளிருதே?’

2019-ல் அதிபர் டிரம்ப்பே இதைத்தான் கேட்டார். மிட்வெஸ்ட் குளிரைச் சொல்லி, புவி வெப்பமடைதலே சீக்கிரம் திரும்பி வா என்று ட்வீட் போட்டார். ஒரு வாரக் குளிர் வானிலை, முப்பது வருடச் சராசரி காலநிலை. மிட்வெஸ்டின் குளிர்காலச் சராசரி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-24 குளிர்காலம், அலாஸ்காவும் ஹவாயும் சேராத அமெரிக்காவில் பதிவானதிலேயே அதிகச் சூடான குளிர்காலம். சிகாகோவில் கார்கள் வரிசைகட்டி நின்ற 2024 ஜனவரி அதற்குள்தான் வருகிறது. அயோவாவில் குடியரசுக் கட்சியின் காகஸ் வாக்களிப்பு வரலாற்றிலேயே மிகக் குளிரான நாளில் நடந்ததும் அதே வாரம். ஆர்க்டிக் சூடாவதால் துருவச் சுழல் அடிக்கடி தள்ளாடுகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பழக்கம் விட்டுப்போவது பற்றிச் சந்தேகம் வேண்டாம். டிசம்பர் முழுக்க மெல்லிய ஜாக்கெட்டில் சுற்றியவருக்கு ஜனவரியில் ஒரே வாரம் மைனஸ் 25 வந்தால், தயாராக இருக்க மாட்டார்.

நீங்களே ஜனவரியில் போகிறீர்களா?

ஆன்சைட்டோ, ஸ்பிரிங் செமஸ்டரோ, ஜனவரியில் சிகாகோவிலோ இண்டியானாவிலோ இறங்கும் தமிழ் இளைஞர்கள் நிறைய. சென்னையில் வாங்கிய ஜெர்க்கின் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி வரைக்கும்தான் தாங்கும். கனமான ஒன்றைவிட அடுக்கடுக்காகப் போடுவதே சூடு. தோலை ஒட்டிக் காட்டன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகி அதுவே உங்களைக் குளிரவைக்கும், கம்பளி அல்லது சிந்தெடிக் போடுங்கள். விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன், தனித்தனி விரல் கையுறையைவிட நல்லது. விரல் வலித்தால் உள்ளே போய்விடுங்கள். வலி நின்று மரத்துப் போனால் அது நிம்மதி அல்ல, பனிக்கடி தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், ஐபோன் வேலை செய்யும் வெப்பநிலை ஜீரோ செல்சியஸ் முதல் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது. மூடிய கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வாடகை வீடு பார்க்கும்போது, சூட்டுக்கான செலவு வாடகைக்குள் அடக்கமா தனியா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிகாகோவில் வீட்டு ஓனர் சூடு கொடுக்கும் கட்டிடமென்றால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68 ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸும், ராத்திரியில் 66-ம் இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். இல்லையென்றால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று மூன்று போர்வை போர்த்திக்கொண்டு கிடக்காதீர்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 311-க்குப் போன் பண்ணுங்கள்.